மூணு தடவை ஒட்டியும் எல்போ ஒழுகுது: மேட்டுத் தொட்டியில இருந்து வர்ற லைன்

மேல்கணக்குப் பொண்ணு, தலவாக்கலை

வணக்கம். பைப் வேலை தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் யாராவது பார்த்துச் சொல்லுங்க.

எங்களுக்குத் தண்ணி மலைமேல இருக்கிற ஊத்துத் தொட்டியில இருந்து வருது. தொட்டியில இருந்து 50 மி.மீ. பி.வி.சி. பொது லைன், ஆறு வீட்டுக்குச் சேர்த்து. அதுல இருந்து எங்க வீட்டுக்கு முக்கால் இஞ்ச், அதாவது 25 மி.மீ. பிரியுது. சரிவுல கிட்டத்தட்ட 12 மீட்டர் வெளியில கிடக்கு, புதைக்கல்ல. சுவர்க்கிட்ட வந்ததும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்போட சேர்ந்து, உள்ளுக்குக் குசினிக்கும் குளியலறைக்கும் அரை இஞ்ச் போகுது.

ஒழுக்கு மூணு இடத்துல. முதலாவது, சரிவு இறங்கி வீட்டுப் பக்கம் திரும்புற இடத்துல இருக்கிற பி.வி.சி. எல்போ (பைப்பைத் திருப்புற வளைவுத் துண்டு). வெட்டிப் புதுசு போட்டு மூணு தடவை ஒட்டியாச்சு. ரெண்டு நாள் நிக்கும், மூணாம் நாள் விளிம்புல துளி வரும். மேலால கம் பூசினா ஒரு நாள் தாங்குது. ரெண்டாவது, ஜி.ஐ. நிப்பிள் (மரை வெட்டின சின்னப் பைப் துண்டு) மேல பி.வி.சி. ஃபோசெட் சொக்கெட் (உள்மரை வச்ச இணைப்பு) திருகியிருக்கிற இடம். வெள்ளை டேப் எவ்வளவு சுத்தினாலும் கசியுது. மூணாவது, குசினிக் குழாய். திறக்கும்போது சுவர்ப்பக்கம் சொட்டுது. உள்ளுக்கு இருக்கிற எல்போ உடைஞ்சிருக்கும், சுவரை உடைக்கணும்னு சொல்றாங்க.

இங்க இப்ப மழை விடவே இல்ல. தொட்டி வால்வை மூடினாலும் பைப்புல கொஞ்சம் தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கு. எதை முதல்ல செய்யணும், என்ன சாமான் வாங்கணும்?

---

பைப்வேலை, ஹட்டன்

தங்கச்சி, எல்போவைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். மரை விஷயம் தெரிஞ்சவங்க மத்ததைச் சொல்லட்டும்.

பைப் கம்முன்னு நாம சொன்னாலும் அது பசை இல்ல. பி.வி.சி.யோட மேல்தோலைக் கரைச்சு இளக வைக்கிற திரவம். இளகின ரெண்டு தோலும் ஒன்னோட ஒன்னு அழுந்தும்போது ஒரே பிளாஸ்டிக்காகுது, அப்புறம் திரவம் ஆவியாப் போய் இறுகுது. அதனாலதான் மேலால பூசுற கம் பிரயோசனப்படாது. தண்ணி வர்ற வழி எல்போவுக்கும் பைப்புக்கும் நடுவுல. வெளி விளிம்புல ஒரு படலம் போட்டா உள்ளழுத்தம் அதை ஒரே நாள்ல உரிச்சுடும். எபொக்சி மாவும் அப்படித்தான், பி.வி.சி.யில கெட்டியாப் பிடிக்காது.

மூணு தடவையும் விட்டுப்போச்சுன்னா இந்த நாலுல ஒன்னு நடந்திருக்கும். ஒட்டும்போது உள்ளுக்கு ஈரம் இருந்திருக்கும். காயவிடாம வால்வைத் திறந்திருப்பாங்க. பைப்பும் எல்போவும் தளர்வாப் பொருந்தியிருக்கும். இல்லன்னா எல்போவை ஏதோ ஒன்னு தள்ளிக்கிட்டே இருக்கு. உங்க விவரத்தைப் பார்த்தா முதலாவதும் கடைசியும்னுதான் படுது.

பழைய எல்போவைக் காப்பாத்தப் பார்க்காதீங்க. ரெண்டு பக்கமும் 10 சென்ரிமீட்டராவது தள்ளி நல்ல பைப்புல வெட்டுங்க. புது எல்போவோட ரெண்டு வாயிலயும் 15 சென்ரிமீட்டர் துண்டு பைப்பை, வீட்டுக்குள்ள, உலர்ந்த மேசையில வச்சு ஒட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க. அடுப்புக்கிட்ட வேணாம், கம்மோட ஆவி தீப்பிடிக்கும். இப்படிச் செஞ்சா கஷ்டமான திருப்பத்தோட ரெண்டு இணைப்பும் வீட்டுக்குள்ளேயே முடிஞ்சுபோகும். மழையில செய்யவேண்டியது ரெண்டு நேர் இணைப்பு மட்டும்தான். ஒரு பக்கம் சாதாரண சொக்கெட், மறுபக்கம் பி.வி.சி. யூனியன் போடுங்க. யூனியன் இருந்தா அடுத்த தடவை வெட்டாமலே கழட்டலாம்.

ஒட்டுற முறை இது. ஹெக்ஸோ பிளேட்டால நேரா வெட்டுங்க; சாய்வா வெட்டினா ஒரு பக்கம் சொக்கெட்டோட அடியைத் தொடாது. உள்ளும் வெளியும் பிசிரைக் கத்தியால எடுத்து, வெளி விளிம்பைக் கொஞ்சம் சரிச்சு விடுங்க. கூர்மையா விட்டா அது உள்ளுக்குப் போகும்போது கம்மை வழிச்சுத் தள்ளிடும். அப்புறம் கம் இல்லாம ஒரு தடவை நுழைச்சுப் பாருங்க. சொக்கெட் ஆழத்துல மூணுல ஒரு பங்குக்கும் மூணுல ரெண்டு பங்குக்கும் நடுவுல இறுகணும். சும்மாவே அடிவரைக்கும் போச்சுன்னா அந்த எல்போ வேணாம், கடையில மாத்துங்க. ஆழத்தைப் பென்சிலால பைப்புல குறிச்சுக்கங்க. சேண்ட் பேப்பரால மினுமினுப்பு போற அளவுக்குத் தேய்ச்சு, உலர்ந்த துணியால துடைங்க.

கம் பைப்புல நிறைவா, சொக்கெட்டுக்குள்ள மெல்லிசா. உள்ளுக்கு அள்ளிப் பூசினா மிச்சம் அடியில தேங்கி, பைப்பையே இளக்கிப் பலவீனமாக்கும். பூசின உடனே நுழைச்சு, கால் சுத்து திருப்பி, குறி வரைக்கும் தள்ளி, 30 செக்கன் அழுத்திப் பிடிங்க. கையை விட்டா பைப் தானா வெளியில தள்ளும், அது உள்ளுக்குப் போகப் போகக் குறுகுற சொக்கெட்டோட குணம். சுத்தி வர ஒரு மெல்லிய கம் வளையம் தெரிஞ்சா சரி, அதைத் துடைச்சு விடுங்க.

கம் டின்னுல கஞ்சி மாதிரி இழுபட்டா எறிஞ்சுடுங்க. தின்னர் ஊத்தி இளக்கவே கூடாது. சின்ன டின் வாங்குங்க, இந்த வேலைக்கு அது தாராளம்.

குளிர்லயும் ஈரக்காத்துலயும் கம் மெதுவாத்தான் காயும். வெயில் ஊர்ல ரெண்டு மணித்தியாலத்துல தண்ணி விடுறாங்கன்னு நம்ம பக்கம் விடக்கூடாது. 24 மணித்தியாலம் வைங்க. விடாம மழைன்னா அதுக்கு மேல பாதி, 36.

வால்வை மூடியும் ஓடுற தண்ணியை நிறுத்தப் பாண் (பிரெட்) போதும். மேல் தோலை எடுத்துட்டு வெள்ளைப் பகுதியை உருட்டி பைப்புக்குள்ள ஒரு விரல் ஆழத்துக்குத் தள்ளுங்க. கொஞ்ச நேரம் தண்ணியை உறிஞ்சித் தடுக்கும். அதுக்குள்ள ஒட்டிடணும். ஆனா மேல இருந்து வர்ற ஓட்டம் பலமா இருந்தா பாண் தாங்காது. அப்ப உங்க கிளையை மேல ஒரு இடத்துல துண்டிச்சு, காயுற வரைக்கும் தண்ணியை வெளியில விடுறதுதான் வழி. தண்ணி திரும்ப விடும்போது குழாய் வாயில இருக்கிற சல்லடையைக் கழட்டி வச்சுட்டுத் திறங்க, பாண் கரைஞ்சு வெளியில வந்துடும்.

ஒரு பைப்போட வாயை நெருப்புல காட்டி விரிச்சு, சொக்கெட் இல்லாமலே இன்னொரு பைப்பை நுழைக்கிற வேலையை யாரையும் செய்ய விடாதீங்க. விரியுற இடம் மெல்லிசாகும், பொருத்தமும் இறுக்கமா வராது. மேட்டு லைன்ல அது முதல் மாசமே விடும்.

---

இரும்புமரை, பண்டாரவளை

ரெண்டாவது ஒழுக்குக்குக் காரணம் உங்க கேள்வியிலேயே இருக்கு. இரும்பு வெளிமரை மேல பிளாஸ்டிக் உள்மரை. இந்த ஜோடி ஆகாது.

ஜி.ஐ. மரை நேரா இல்ல, 16க்கு 1 கணக்குல கூம்பிப் போகும். திருகத் திருக அது ஆப்பு மாதிரி. வெளியில இரும்பு இருந்தா ஆப்பைத் தாங்கும். பிளாஸ்டிக் இருந்தா விரிஞ்சு, நீளவாட்டுல மயிரிழை வெடிப்பு விடும். டேப் கூடச் சுத்தினா ஆப்பு இன்னும் தடிக்கும், வெடிப்பு இன்னும் பெரிசாகும். அதனாலதான் டேப் சுத்தச் சுத்தக் கசியுது. சொக்கெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சு விரலால அமுக்கிப் பாருங்க, கோடு தெரியும்.

ஜோடியை மாத்துங்க. நிப்பிள் மேல முக்கால் இஞ்ச் ஜி.ஐ. சொக்கெட். அதுக்குள்ள பி.வி.சி. வால்வ் சொக்கெட், வெளிமரை உள்ளது. இப்ப இரும்பு வெளியில, பிளாஸ்டிக் உள்ளுக்கு, இறுக்கினா பிளாஸ்டிக் அமுங்கும், வெடிக்காது. இடம் போதலன்னா உள்ளுக்குப் பித்தளை மரை வச்ச ஃபோசெட் சொக்கெட் கிடைக்கும். விலை கூட, ஆனா நிக்கும்.

டேப் சுத்துற முறை: மரையோட வாய் உங்களைப் பார்த்திருக்கணும், கடிகார முள் போற பக்கமாச் சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா திருகும்போது டேப் சுருண்டு வெளியில வந்துடும். முதல் மரையை வெறுமையா விடுங்க. சாதாரண மெல்லிய டேப்னா அரை இஞ்ச்சுக்கு 8 சுத்து, முக்காலுக்கு 10. இழுத்துப் பிடிச்சுச் சுத்துங்க, மரையோட வரி மேலால தெரியணும். பிளாஸ்டிக் வால்வ் சொக்கெட்டைக் கையால முடியுற அளவுக்குத் திருகி, பிறகு ஸ்பேனரால ஒரு சுத்து, அதிகம் போனா ஒன்றரை. இரும்போட இரும்புன்னா ரெண்டு பைப் ரென்ச், ஒன்னு பிடிக்க ஒன்னு திருக. ஒரே ரென்ச்சால திருகினா சுவருக்குள்ள இருக்கிற மரையும் சேர்ந்து அசையும், புது ஒழுக்கு அங்க ஆரம்பிக்கும். நேர் பார்க்கணும்னு அரைச் சுத்து பின்னால திருப்பினீங்கன்னா டேப் போச்சு. கழட்டிப் புதுசாச் சுத்தணும்.

சணல் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. பழைய, துருவால தேஞ்ச ஜி.ஐ. மரைக்குச் சணல் டேப்பை விட நல்லது, நனைஞ்சதும் ஊதி இடைவெளியை அடைக்கும். அந்த ஊதலே பிளாஸ்டிக் உள்மரையை வெடிக்க வைக்கும், அங்க வேணாம். சணலுக்கு மேல ஈயம் கலந்த பெயின்ட் தடவுற பழைய பழக்கத்தை விடுங்க. குடிக்கிற தண்ணியில ஈயம் விஷம். குடிதண்ணிக்குன்னு விக்கிற பேஸ்ட் இருக்கு.

அந்த நிப்பிளையும் பாருங்க. முக்கால் இஞ்ச் நடுத்தர ஜி.ஐ. பைப்போட சுவர் 2.6 மி.மீ. மரை வெட்டும்போது அதுல 1.16 மி.மீ. போயிடும், துத்தநாகப் பூச்சும் அந்த இடத்துல போயிடும். மிச்சம் ஒன்றரை மி.மீ. கூட இல்ல. மலைப்பக்க ஊத்துத் தண்ணி மென்னீர், கொஞ்சம் அமிலப்பக்கம், உள்ளால இரும்பைத் தின்னும். அதனால ஜி.ஐ. எப்பவும் மரைக்கிட்டதான் முதல்ல ஓட்டை விழும். மரையைக் கம்பித் தூரிகையால தேய்ச்சதும் நுனி உதிர்ந்தா நிப்பிளையும் மாத்துங்க.

மூணாவதுக்குச் சுவரை உடைக்கவே வேணாம், கொஞ்சம் பொறுங்க. திறக்கும்போது மட்டும் சொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. சுவருக்குள்ள எல்போ வெடிச்சிருந்தா மூடியிருக்கும்போதும் சொட்டும், ஏன்னா அங்க அழுத்தம் எந்நேரமும் இருக்கு. திறந்தா மட்டும் வர்ற தண்ணி குழாயோட தண்டுப்பக்கம் (கைப்பிடி மாட்டியிருக்கிற கம்பி) இருந்து வருது. தண்டோட ஏறி வந்து, உடம்பு வழியா வழிஞ்சு சுவர்ப்பக்கம் சேரும். பழைய பத்திரிகைத் தாளைக் கிழிச்சு, சுவரோட சேர்ற இடத்துல ஒரு சுத்து, தண்டுக்குக் கீழ ஒரு சுத்து கட்டுங்க. ஒரு தடவை திறந்து மூடுங்க. எது முதல்ல நனையுதோ அதுதான் இடம். தண்டுப்பக்கம்னா, கைப்பிடிக்குக் கீழ இருக்கிற சின்ன நட்டை எட்டுல ஒரு பங்கு சுத்து இறுக்குங்க. நிக்கலன்னா நட்டைத் தூக்கி, வெள்ளை டேப்பைக் கயிறா முறுக்கி தண்டைச் சுத்தி ரெண்டு சுத்து வச்சு மூடுங்க.

---

மேல்கணக்குப் பொண்ணு, தலவாக்கலை

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சொன்ன மாதிரியே பார்த்தேன். தாள் தண்டுப்பக்கம்தான் முதல்ல நனைஞ்சுது. நட்டை இறுக்கினதும் குசினிச் சொட்டு நின்னுபோச்சு, சுவரைத் தொடல்ல. ஃபோசெட் சொக்கெட்ல ரெண்டு வெடிப்புக் கோடு இருக்கு.

எல்போவுக்கு ஒரு விவரம் விட்டுப்போச்சு. குளியலறையில கைப்பிடியைக் கால் சுத்து திருப்பினா மூடுற குழாய் போட்டிருக்கு. அதை மூடினதும் வெளியில பைப் "டொக்"குன்னு அடிக்கும். ஹார்ட்வெயார் கடையில அழுத்தம் அளக்கிற கேஜ் ஒன்னு இரவல் வாங்கிக் குழாய்ல மாட்டிப் பார்த்தேன். பகல்ல 3 பார், ராத்திரி எல்லாரும் மூடினதும் 5.2. பொது லைன்ல எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரம்) 147ன்னும் 600ன்னும் அச்சு இருக்கு. இதுக்கும் எல்போவுக்கும் சம்பந்தம் இருக்கா?

---

ஊத்துத்தொட்டி, நானுஓயா

சம்பந்தம் அதுதான். கம்மை எவ்வளவு சரியா ஒட்டினாலும் இதைச் செய்யாம விட்டா நாலாம் தடவையும் விடலாம்.

தண்ணி 10 மீட்டர் இறங்கினா ஏறக்குறைய 1 பார் ஏறும். உங்க 5.2 பார்னா தொட்டி வீட்டை விட 53 மீட்டர் உயரம். பைப்புல இருக்கிற 600 கிலோபாஸ்கல் கணக்கு, அதாவது 6 பார். தண்ணி ஓடாம நிக்கும்போதே பொது லைன் எல்லைக்குக் கிட்ட நிக்குது. பகல்ல 3 காட்டுறது மத்த வீடுகள் திறந்திருக்கிறதால, அதை நம்பாதீங்க. எப்பவும் ராத்திரி அளவுதான் கணக்கு.

இப்ப அந்த "டொக்". முக்கால் இஞ்ச்ல நிமிஷத்துக்கு 20 லீட்டர் ஓடினா வேகம் செக்கனுக்கு 1 மீட்டர் கிட்ட. அதைச் சட்டுன்னு நிறுத்தினா ஓடி வந்த தண்ணியோட தள்ளல் முழுக்க அழுத்தமா மாறும். பி.வி.சி. பைப்புல செக்கனுக்கு 1 மீட்டர் வேகம் நின்னா 4 பார் அளவுக்கு ஏறும். 5.2ம் 4ம் சேர்த்து 9 பாருக்கு மேல. ஒவ்வொரு தடவை குளியலறைக் குழாயை மூடும்போதும் எல்போ இந்த அடியை வாங்குது.

எல்போ ஏன் முதல்ல விடுதுன்னா, நேர்ப் பைப்புல அழுத்தம் சுவரை மட்டும் தள்ளும், திருப்பத்துல எல்போவையே வெளிப்பக்கம் தள்ளும். 25 மி.மீ. எல்போவை 5.2 பார் தள்ளுற விசை 36 கிலோ பாரத்துக்குச் சமம். 9 பார் அடியில 60 கிலோவைத் தாண்டும். அதோட 12 மீட்டர் பைப் வெயில்ல கிடக்கு. பி.வி.சி. ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு 0.07 மி.மீ. நீளும். பகலுக்கும் ராத்திரிக்கும் 20 பாகை வித்தியாசம்னா 17 மி.மீ. நீண்டு சுருங்குது. அந்த நீட்டமும் இதே எல்போவைத்தான் தள்ளுது, இழுக்குது. மழைக்காலத்துல சரிவு மண்ணும் மெல்ல இறங்கி பைப்பைக் கூட இழுக்கும்.

அதனால பைப்பை ஒன்றரை அடி ஆழத்துல புதைங்க. கான் (பள்ளம்) நேரா வெட்டினாலும் பைப்பை லேசா வளைச்சு வளைச்சுப் போடுங்க, சுருங்க இடம் இருக்கும். அடியிலயும் மேலயும் கல் இல்லாத மண். எல்போவுக்கு வெளிப்பக்கம், தள்ளுற திசையில, ஒரு அடிக்கு ஒரு அடி கொங்கிரீட் கட்டை, வெட்டாத கெட்டி மண்ணைத் தொட்டு நிக்கணும். எல்போவுக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவுல பொலித்தீன் ரெண்டு மடிப்பு வைங்க, உரசாது. கம் காஞ்சு, தண்ணி விட்டு ஒழுக்கு இல்லன்னு பார்த்த பிறகுதான் கொங்கிரீட்.

கால் சுத்துக் குழாயை மாத்தி, பல சுத்து திருகுற சாதாரணக் குழாய் போடுங்க. மெல்ல மூடினா அடி வராது. உங்க கிளை பிரியுற இடத்துலயும் ஒரு கேட் வால்வ் (பல சுத்து திருகி மூடுறது) போட்டா, தொட்டி வரைக்கும் ஏறவேண்டியதில்ல. பால் வால்வ் அங்கயும் வேணாம், அதுவும் கால் சுத்துதான்.

அழுத்தத்தைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு. அழுத்தம் குறைக்கிற வால்வ் போட்டு 2.5 பாருக்கு வைக்கலாம். ஆனா ஊத்துத் தண்ணியில மணலும் இலைத்தூளும் வரும், அதுக்கு முன்னால சல்லடை வச்சு மாசாமாசம் கழுவாட்டி சிக்கிக்கும். எனக்கு நல்லதாப் படுறது வீட்டுக்கிட்ட 500 லீட்டர் டேங்க். மேடை 3 மீட்டர், உயர் அழுத்தத்துக்கான பித்தளை மிதவை வால்வ். டேங்க்குக்குப் பிறகு வீட்டுக்குள்ள 0.3 பார்தான், பழைய ஜி.ஐ. மரைகள் எல்லாம் மூச்சு விடும். குளிக்கிற ஷவர் மட்டும் கொஞ்சம் மெலியும்.

ஆறு வீடும் சேர்ந்து செய்ய முடிஞ்சா, சரிவுல பாதி வழியில, 26 மீட்டர் இறக்கத்துல, மிதவை வால்வோட ஒரு இடைத்தொட்டி கட்டுங்க. அங்க அழுத்தம் பூச்சியமாகி, உங்க வீட்டு மட்டத்துல 2.7 பாருக்கு மேல போகாது. நிரம்பி வழியுற தண்ணிக்கு வடிகானுக்குப் போற பைப் கட்டாயம் வைங்க. சரிவுல ஊறவிட்டா மண் இறங்கும்.

---

பைப்வேலை, ஹட்டன்

ஊத்துத்தொட்டி சொன்னது சரி. ராத்திரி கேஜ் அளவை நானே முதல்ல கேட்டிருக்கணும், அதைத் தெரியாம ஒட்டச் சொல்லக் கூடாது. கேஜ்ல 5 தாண்டியிருக்கிறதால உங்க கிளைக்கு 1000ன்னு அச்சடிச்ச பைப் எடுங்க.

வாங்க வேண்டியது: 25 மி.மீ. எல்போ 1, சொக்கெட் 2 (ஒன்னு கைவசம்), யூனியன் 1, வால்வ் சொக்கெட் 1, பைப் 1 மீட்டர், முக்கால் இஞ்ச் ஜி.ஐ. சொக்கெட் 1, முக்கால் நிப்பிள் 1, வெள்ளை டேப் 2 ரோல், சின்னக் கம் டின் 1, சேண்ட் பேப்பர் ஒரு தாள். கேட் வால்வ் போடுறதா இருந்தா, பித்தளையில 1, அதோட ரெண்டு பக்கத்துக்கும் வால்வ் சொக்கெட் இன்னும் 2. யூனியன்ல மரை மேல டேப் சுத்தாதீங்க. அங்க தண்ணியை நிறுத்துறது நடுவுல இருக்கிற ரப்பர் வளையம், மரை இல்ல. வளையம் தன் பள்ளத்துல உக்கார்ந்திருக்கான்னு பார்த்து, கையால இறுக்கி, கொஞ்சம் மட்டும் ஸ்பேனர்.

முதல்ல மரைப்பக்கத்தை முடிச்சுடுங்க, ஏன்னா அதைத் திருகும்போது பைப் அசையும். எல்போவை ஒட்டினதுக்குப் பிறகு அசைச்சா காயாத கம் விட்டுடும்.

தண்ணி விடும்போது வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து, வீட்டுல உயரமான குழாயைத் திறந்து வைங்க. காத்து துப்பித் துப்பி வெளியேறி, தண்ணி ஒரே சீராக வந்ததும் மெல்ல மூடுங்க. புது இணைப்பு எல்லாத்துக்கும் உலர்ந்த தாள் கட்டி ஒரு ராத்திரி விடுங்க, ஏன்னா அழுத்தம் ஏறுறது அப்பதான். காலையில பைப் முழுக்க மெல்லிசா நனைஞ்சிருந்தா அது குளிர்த் தண்ணிப் பைப் வியர்க்கிறது, பயப்படாதீங்க. ஒரு விளிம்புல மட்டும் நனைஞ்சிருந்தா அது ஒழுக்கு. செக்கனுக்கு ஒரு துளி விழுந்தாலே ஒரு நாளைக்குப் பல லீட்டர் போகும், "சின்னதுதானே"ன்னு மூடிப் புதைச்சுடாதீங்க.

அதுவரைக்கும் இப்ப ஒழுகுற எல்போவுக்கு, சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இழுத்துப் பிடிச்சு விளிம்புக்கு மேல அஞ்சாறு சுத்து, ரெண்டு நுனியிலயும் ஹோஸ் கிளிப். மழை வெறிக்கிற ஒரு நாளுக்குக் காத்திருக்க அது போதும்.

---

மேல்கணக்குப் பொண்ணு, தலவாக்கலை

சரி அண்ணே. டியூப் கட்டியாச்சு, சொட்டு குறைஞ்சிருக்கு. மேசையில எல்போவை இன்னைக்கு ஒட்டி வைக்கிறேன். இடைத்தொட்டி விஷயத்தை ஆறு வீட்டுலயும் பேசுறோம். ஒன்னே ஒன்னு மட்டும்: ஊத்துல இருந்து தொட்டிக்கு வர்ற கறுப்பு அல்கத்தீன் பைப்புலயும் ஒரு இணைப்பு கசியுது. அதே கம்மால ஒட்டலாமா?

---

ஊத்துத்தொட்டி, நானுஓயா

ஒட்டாது. அல்கத்தீன் பொலித்தீன் இனம், பி.வி.சி. கம் அதைக் கரைக்காது. நட்டைத் திருகி இறுக்குற கம்ப்ரெஷன் சொக்கெட் வாங்குங்க, பைப்போட வெளி விட்டம் பார்த்து அதே அளவுல. நுனியை நேரா வெட்டி, விளிம்பைச் சரிச்சு, சவர்க்காரத் தண்ணி தொட்டு, ரப்பர் வளையத்தைத் தாண்டி அடி தட்டும் வரைக்கும் தள்ளி, பிறகு நட்டை இறுக்குங்க. வளையத்தைத் தாண்டாம நின்னா நட்டு எவ்வளவு இறுகினாலும் கசியும்.